பேனா பிள்ளையின் கையில் இருக்கட்டும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவையொட்டித் தேர்வாய் கண்டிகையில் நிகழ்ந்த அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடைவிடாது நடப்பது எளிய செயலன்று. மாதந்தோறும் கூடினோம், கவிதை படித்தோம், ஒருவர் கவிதையில் மற்றவர் குறை கண்டோம், மனம் நொந்து வீடு சென்றவரும் மறுமாதம் தவறாமல் வந்து சேர்ந்தார். அந்தப் பெருமையைப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். எனக்கு அளிக்கப்பட்ட நேரத்தில், நாம் செய்யத் தவறிய ஒன்றைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். இந்தப் பத்தாண்டுகளில், பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர் எழுதிய நாடகத்தை நாம் ஒருமுறைகூட மேடையேற்றியதில்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். தவறு செய்தவன் என்ற தகுதி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு மாணவி ஒருத்தி நாடகம் எழுதி என்னிடம் கொண்டுவந்தாள். ஆடு மேய்க்கும் பாட்டிக்கும் ஆலைக்கு வேலைக்குப் போகும் மகனுக்கும் நடக்கும் வாக்குவாதம். பாட்டி பேசியது நம் எல்லையோர ஊர்களின் பேச்சு. பாதி தமிழ், பாதி தெலுங்கு. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். தெலுங்கை நீக்கினேன், வழுக்களைத் திருத்தினேன், முடிவில் ஒரு நீதியையும் சேர்த்தேன். ஒத்திகையில் அந்தப் பெண் பாட்டியாக நின்று என் வசனத்தைச் சொல்ல முயன்றாள். நாலு வரி சொல்லிவிட்டு நிறுத்தினாள். "ஐயா, எங்க ஆயா இப்படிப் பேசாது" என்றாள். அவ்வளவுதான். நாடகம் நடந்தது, கைதட்டினார்கள், அவள் பிறகு எழுதவில்லை. அந்தக் கைதட்டல் இன்றும் என் காதில் உறுத்துகிறது.

நிற்க. வளரிளம் பருவத்தினருக்கும் தமிழ் நாடகத்துக்கும் உள்ள உறவு புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். சிறுவன் சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவனுக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. பாலர் சபைகள் குரலையும் உடலையும் ஒழுங்கையும் நினைவாற்றலையும் வளர்த்தன. தமிழ்த் திரையின் பெரிய நடிகர்கள் பலர் அந்தப் பட்டறைகளில் உருவானவர்களே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எழுதியவர் வாத்தியார்; மனப்பாடம் செய்தவர் பிள்ளை. பிள்ளையின் வாய் பேசியது. பிள்ளையின் மனம் பேச இடமிருக்கவில்லை.

இதற்கு மறுபுறத்தில் நிற்பவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873-இல் பிறந்த அவர், 1891-இல் சென்னையில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. அதற்குமுன் தமிழ் நாடகத்தின்மேல் தமக்கு வெறுப்பே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்லுவின் தெலுங்கு நாடகக் குழுவைக் கண்ட பிறகே அவருக்கு நாடக ஆசை பிறந்தது. தமிழ் நாடகத்தின் தந்தை என்று நாம் போற்றுபவரின் முதல் தீப்பொறி தெலுங்கு மேடையிலிருந்து வந்தது! இருமொழிப் பேச்சைச் சிவப்புப் பேனாவால் அடித்த எனக்கு இது நல்ல பாடம். அவருக்கு நாடகம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர் எவருமில்லை. கிடைத்தவை மேடை, நடிக்கத் தயாரான தோழர்கள், பார்க்க வந்த மக்கள் ஆகிய மூன்றுமே. அந்த மூன்றும் இருந்ததால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் பிறந்தன.

பிற நாடுகளில் இதை ஒரு திட்டமாகவே வகுத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் 1981-இல் இசைநாடக மேதை ஸ்டீபன் சோண்ட்ஹைம் முன்னின்று இளம் நாடகாசிரியர்களுக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் எழுதிய நாடகங்களைத் தொழில்முறை நடிகர்கள் நடித்தார்கள். லண்டன் நேஷனல் தியேட்டர் நடத்தும் திட்டத்தில், பதினான்கு முதல் பத்தொன்பது வயதுவரை உள்ள மாணவர்கள் அரைமணி நேர நாடகம் எழுதுகிறார்கள். சிறந்தது அந்தப் புகழ்மிக்க அரங்கிலேயே மேடையேறுகிறது. நம் மொழியில் தேடினால் யாழ்ப்பாணத்தைச் சொல்ல வேண்டும். 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், ஆசிரியராக இருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கான நாடகத்தை வளர்த்தவர். 2025-இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய 'மண் சுமந்த மேனிய'ரை 1985-இல் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். போர்க்காலத்தில் ஒரு தலைமுறை தன் துயரைத் தானே மேடையில் கண்டது.

நமக்கு அருகிலும் ஒரு முன்மாதிரி இருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், பெ. ராஜகோபால் அவர்களும் ஹன்னா டி புரூயின் அவர்களும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், 2002 முதல் 2020 வரை பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒன்றாகக் கற்பித்தது. ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். அரசுப் பள்ளிகளிலும் 2022-23 கல்வியாண்டு முதல் கலைத் திருவிழா நடைபெறுகிறது. மேடை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதில் ஒலிப்பது யாருடைய சொல் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி தேர்வாய் கண்டிகையில் ஏன் கூர்மை கொள்கிறது? நாம் அமர்ந்திருக்கும் இந்த ஊரின் மேய்ச்சல் நிலம் சிப்காட் தொழிற்பூங்கா ஆயிற்று. 1,100 ஏக்கருக்கு மேல். 2009-இல் மிச்செலின் டயர் நிறுவனம் இங்கே ஆலை அமைக்க அரசுடன் ஒப்பந்தம் செய்தது. ஊரார் எதிர்த்தார்கள், அவர்களது முறையீடு 2012-இல் பாரிஸ்வரை சென்றது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து, சென்னையின் குடிநீருக்காக 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. இவையெல்லாம் அறிக்கைகளில் இருக்கின்றன. வழக்கறிஞர் எழுதினார், அதிகாரி எழுதினார், நிறுவனமும் எழுதியது. காடு இருந்த காலத்தைப் பாட்டியின் வாயால் கேட்டு, ஆலைச் சங்கொலியில் கண்விழிக்கும் பிள்ளை இன்னும் எழுதவேண்டியிருக்கிறது.

கவிதை போதாதா என்று கவிஞர்கள் கேட்கக்கூடும். நானும் கவிதை எழுதுகிறவன்தான். கவிதையில் என் பக்கத்தை மட்டும் நான் பேசிவிட்டுப் போகலாம். நாடகத்தில் அது நடவாது. மேய்ச்சல் நிலத்தை இழந்த பாட்டிக்கு எத்தனை நியாயம் உண்டோ, ஒப்பந்தக் கூலியாக ஆலைக்குள் சென்று மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டும் தகப்பனுக்கும் அத்தனை நியாயத்தைக் கொடுத்தால்தான் காட்சி நிற்கும். தான் வெறுப்பவனின் வாயிலும் உண்மையான ஒரு சொல்லை வைக்கப் பதினாறு வயதில் ஒருவர் பழகினால், அது இலக்கியப் பயிற்சி மட்டுமன்று. பிளவுபட்ட ஊரில் வாழ்வதற்கான பயிற்சியும் ஆகும். அந்த மாணவி இதை எவரும் சொல்லாமலே அறிந்திருந்தாள். நான் சேர்த்த நீதி, வாக்குவாதத்தில் ஒருவரை வெல்ல வைத்து அதைக் கெடுத்தது.

ஆகவே வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினொன்றாம் ஆண்டில் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென ஒதுக்குவோம். முதல் நான்கு வாரம் பிள்ளைகள் செவிமடுக்கட்டும்: பேருந்து நிறுத்தத்தில், ரேஷன் கடையில், ஏரிக்கரையில் கேட்ட பேச்சைக் கேட்டவாறே எழுதி வரட்டும். அடுத்த நான்கு வாரம் இருவர் மட்டும் பேசும் காட்சிகள். எழுதியவர் வாய்மூடி அமர்ந்திருக்க, மற்றவர் உரக்கப் படிக்கட்டும். எங்கே நாக்கு இடறுகிறது, எங்கே கேட்போர் நெளிகிறார்கள் என்பதை அவரே காண்பார். கடைசி நான்கு வாரம் ஒத்திகை. பிறகு கோயில் திடலில், ஊரார் முன்னிலையில், இருபது நிமிட நாடகங்கள். திரௌபதி அம்மன் விழாக் கூத்தில் கட்டியக்காரன் நடப்புச் செய்தியைக் கிண்டல் செய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, நாடகம் எங்கே தொடங்குவது என்று நாம் கற்பிக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்துப் பிள்ளைகளையும் அழைப்போம். அவர்கள் தமிழ் அவர்கள் தமிழாகவே மேடையேறட்டும். பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பும்படி ஒத்திகை நேரத்தை வைப்போம்; இல்லையேல் மூன்றாம் வாரமே அவர்கள் வரமாட்டார்கள்.

நமக்கு ஒரே ஒரு விதி. அவர்கள் தாளில் நாம் எழுதக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். இவர் என்ன வேண்டி நிற்கிறார்? யார் தடுக்கிறார்கள்? காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் மேல் நமக்கு உரிமையில்லை. பரிசும் வேண்டாம், போட்டியும் வேண்டாம். நடிக்க ஆள் திரட்டுவதும், விளக்கு வாடகை கொடுப்பதும், ஊர்ப் பெரியவரிடம் திடலுக்கு அனுமதி கேட்பதும், நாடகத்தால் முகம் சுளித்தவர் வந்தால் பிள்ளைக்கு முன்னால் நின்று பதில் சொல்வதும் நம் வேலை. இந்தக் கடைசி வேலைக்கு நாம் ஆயத்தம் இல்லையென்றால், தொடங்காமலிருப்பதே மேல்.

என் சிவப்புப் பேனாவை அன்றே வைத்துவிட்டேன். அந்தப் பெண் இன்று எங்கோ வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. முதல் ஞாயிற்றுக்கிழமை அவளையும் தேடி அழைக்க எண்ணியிருக்கிறேன். பிள்ளைகளின் எதிரே அமர்ந்து, ஆயா எப்படிப் பேசும் என்று சொல்லிக்கொடுக்க அவளைவிடத் தக்கவர் யார்?