விசிறி நின்றால் லேப்டாப் வீணாகிவிடாது
(நமது அறக்கட்டளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





"பிள்ளையின் லேப்டாப் கெட்டுவிட்டது, புதிது வாங்க உதவுங்கள்" என்று சிலர் நம்மிடம் வருகிறார்கள். திறந்து பார்த்தால், பழுது உள்ளே இருக்கும் சின்ன விசிறியில் மட்டும்தான். அதற்காக முழுக் கணினியையும் ஒதுக்குவது வீண்விரயம். நம்மிடம் உள்ள ஸதகா பணம் அமானத். ஃபீஸ் கட்ட வழியில்லாத இன்னொரு பிள்ளைக்கு அது போய்ச் சேர வேண்டும்.

2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. தம்மம்பட்டியில் கோடை வெயிலும் உண்டு, மரச்சிற்பப் பட்டறைகளின் மரத்தூளும் உண்டு. தூள் அடைத்தால் விசிறியின் காற்று வெளியேறாது. சூடு ஏறியதும் கணினி முதலில் மெதுவாகும். பிறகு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தின் கடைசி நாளில் அப்படி அணைந்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

கரகரவென்ற சத்தம், அடிப்பக்கம் கொதிப்பது, காற்று வராதது ஆகியவை அடையாளங்கள். உடனே முக்கியமான பாடங்களையும் சான்றிதழ்களையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, ஆறவிடுங்கள். விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தூளை எடுங்கள். ஈரத்துணி கூடாது.

அதன் பிறகும் சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கும். விசிறியை மாற்ற வேண்டும். பழைய விசிறியின் மேல் உள்ள எண், வோல்ட், ஒயர்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெப்பத்தை இழுக்கும் உலோகத் தகட்டைக் கழற்றினால், காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஓர் அரிசி அளவு வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். மேசைக் கணினியின் பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். இவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மெத்தையில் வைத்துப் படிக்காமல் பலகையில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இனி புதிய லேப்டாப் கேட்டு மனு தருபவர்கள் பழையதையும் எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், முதலில் விசிறியைப் பார்ப்போம். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.