யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்பவள் நான். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். "குறைந்த வருமானத்தில் பழைய சொகுசுக் கார் வாங்கலாமா?" என்பது தலைப்பு. இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. நான் ஒன்றை வாங்கிச் சூடுபட்டவள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் கையில் 45,000 வெள்ளி சேமிப்பு இருந்தது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல உள்நாட்டுக் காரை வாங்கியிருக்கலாம். ஆனால் பழைய கார் கடை ஒன்றில் பத்து வயதான ஜெர்மன் கார் பளபளவென்று நின்றது. புதிதாக வந்தபோது இரண்டரை லட்சம் வெள்ளிக்கு மேல் விற்ற கார் அது. "சிஸ்டர், இந்த விலைக்கு இனிமேல் கிடைக்காது" என்றார் விற்பனையாளர். தோல் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு சாத்தும் சத்தத்திலேயே என் புத்தி மயங்கிவிட்டது. கையிலிருந்த பணம் முழுவதையும் கொடுத்து வாங்கினேன்.

ஆறு மாதம் ராஜ வாழ்க்கைதான். கல்யாண மண்டபத்தில் இறங்கினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழாவது மாதம் கியர் பெட்டி போனது. பட்டறையில் சொன்ன தொகை 11,000 வெள்ளி. என்னிடம் ஆயிரம்கூட இல்லை. என் அப்பா லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு வார்த்தை குறை சொல்லாமல், ஊழியர் சேமநிதியில் மிச்சம் வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் நாற்பது ஆண்டுகள் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் என் காரின் கியர் பெட்டிக்குள் போனது. அன்று அவர் சொன்னது இதுதான்: "வண்டி வாங்குறது ஒரு நாள் சந்தோஷம்மா. அத வச்சுக் காப்பாத்துறதுதான் தினமும் உள்ள வேலை."

நேயர்களே, நான் கற்ற பாடம் இவ்வளவுதான். கார் பழசாக ஆக அதன் விலை இறங்கும். அதை வைத்துப் பராமரிக்கும் செலவு இறங்காது. இரண்டரை லட்சம் வெள்ளிக் காரை நாற்பதாயிரத்துக்கு வாங்கினாலும், உதிரிப் பாகக் கடையில் அது இன்னும் இரண்டரை லட்சம் வெள்ளிக் கார்தான். யானை மலிவாகக் கிடைத்தது என்பதற்காக அது ஆட்டுக்குட்டியின் தீனியைத் தின்னுமா?

சாலை வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியாருக்குச் சொந்தமான பெட்ரோல் செடான் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவை வைத்தே வரி. காரின் வயதைப் பார்ப்பதில்லை. 1,500 சி.சி. காருக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. 2,000 சி.சி. என்றால் 380 வெள்ளி. 2,500 சி.சி.க்கு 880, 3,000 சி.சி.க்கு 2,130, 3,500 சி.சி.க்கு 4,380 வெள்ளி. பதினைந்து வயதுக் கார் என்று யாரும் ஒரு காசு குறைக்க மாட்டார்கள். பெரிய இயந்திரமுள்ள பழைய கார்கள் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், முதல் உரிமையாளர் விற்கும் நேரம். உத்தரவாதக் காலம் முடிந்து, செலவு தன் தலையில் விழப்போகும்போதுதான் பலர் காரைக் கைமாற்றுகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது ஆளாக நாம் வாங்கும்போது ரப்பர் புஷ், குளிரூட்டும் அமைப்பின் பிளாஸ்டிக் குழாய்கள் எல்லாம் நம் நாட்டு வெயிலில் இறுகிப் போயிருக்கும். "குறைவாக ஓடிய கார்" என்று சொல்வதை வைத்து மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ரப்பருக்கு மைலேஜ் தெரியாது, வயதுதான் தெரியும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆசைப்படுவது குற்றமில்லை. கணக்குப் போடாமல் ஆசைப்படுவதுதான் குற்றம். வாங்க நினைப்பவர்கள் சில காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்குக் கொடுக்காதீர்கள். 50,000 வெள்ளி இருந்தால் 35,000 வெள்ளிக்குக் கார் பாருங்கள். மீதி 15,000 பழுதுபார்க்கும் பணம். அதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அந்த மீதியை ஒதுக்க முடியவில்லை என்றால், அந்தக் கார் நம் தகுதிக்கு மேற்பட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, 2,000 சி.சி.க்கு உட்பட்ட மாடலைத் தேடுங்கள். அதே சின்னம், அதே இருக்கை, வரி மட்டும் குறைவு.

மூன்றாவது, முன்பணம் கொடுக்கும் முன், கடைக்காரருக்குச் சம்பந்தமில்லாத ஒரு போர்மேனிடம் காரைக் காட்டுங்கள். அந்த ரகக் கார்களையே பார்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. கணினியை இணைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சில நூறு வெள்ளியில் முடியும் காரியம் பல ஆயிரத்தைக் காப்பாற்றும். உரிமை மாற்றத்திற்காக நடக்கும் சோதனை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் சரியா, சட்டவிரோதமாக ஏதும் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே அதன் முக்கிய வேலை. கியர் பெட்டி இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அது சொல்லாது.

நான்காவது, பராமரிப்புப் பதிவுகளைக் கேளுங்கள். முக்கியமாக, கியர் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது? "இதற்கு ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்" என்பார்கள். ஆனால் பல ஐரோப்பியக் கார்களுக்குக் கியர் பெட்டி செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. இதை நான் கேட்கவில்லை. அதன் விலைதான் 11,000 வெள்ளி.

ஐந்தாவது, வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியதை நாம் மறக்க முடியாது. நனைந்த கார்களைக் கழுவித் துடைத்து விற்பவர்கள் உண்டு. இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரிகிறதா? தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். உபரிச் சக்கரம் இருக்கும் குழியில் மண், இருக்கையின் அடியில் துரு, பூஞ்சை வாடை இருந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கடனுக்கு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வயதுக் காருக்கு ஏழு ஆண்டுத் தவணை போட்டால், கடைசித் தவணை கட்டும்போது காருக்கு வயது 17. தவணையும் பட்டறைச் செலவும் ஒரே மாதத்தில் வந்தால் எதை நிறுத்துவீர்கள்? பிள்ளையின் டியூஷன் கட்டணத்தையா?

வியாபாரியிடம் வாங்கி ஏமாந்துவிட்டால் தலையில் கைவைத்து உட்கார வேண்டாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. ரசீது, விளம்பரம், விற்பனையாளர் அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் தனிநபரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது. அதையும் யோசித்து வாங்குங்கள்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை இன்னும் ஓராண்டு ஓட்டிவிட்டு, பழுதுபார்த்த விவரம் எதையும் மறைக்காமல் விற்றேன். இப்போது உள்நாட்டுக் கார்தான் ஓட்டுகிறேன். அப்பாவின் பணத்தை மாதம் 300 வெள்ளியாகத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கடைசி 200 வெள்ளியைக் கொடுத்த அன்று, "இத வச்சு உன் காருக்கு டயர் மாத்தும்மா, தேஞ்சிருக்கு" என்று என் கையிலேயே திருப்பி வைத்தார்.

கல்யாண மண்டப வாசலில் திரும்பிப் பார்த்த நாலு பேரில் ஒருவர்கூட பட்டறைக்கு என்னோடு வரவில்லை, நேயர்களே. வந்தவர் அப்பா ஒருவர்தான். கார் வாங்கப் போகும் முன், பட்டறைக்கு நம்மோடு வரப்போவது யார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.