திரையின் நிறமும் தாளின் நிறமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)





ஒரே வகுப்பில் படித்த நாங்கள் மூவர் வீட்டிலிருந்தே அச்சு வடிவமைப்புச் செய்து வருகிறோம். கல்யாண அழைப்பிதழ், கடைகளின் விளம்பரத் துண்டு, பாடசாலை மலர் என மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வேலை வருகிறது. இந்தத் தொழிலுக்கு எந்த மொனிட்டர் வாங்குவது என்று தங்கைகள் பலர் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லுமுன் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

ஆரம்ப காலத்தில் ஒரு கல்யாண அழைப்பிதழைப் பச்சை நிறத்தில் வடிவமைத்தோம். எங்கள் திரையில் அது பளிச்சென்று இருந்தது. மணப்பெண்ணின் உம்மாவும் பார்த்துச் சம்மதித்தார். அச்சாகி வந்த 500 அழைப்பிதழ்களும் மங்கி, ஏறத்தாழக் கறுப்பாக இருந்தன. அச்சகத்தாரோடு சண்டை பிடித்தோம். அவர் எங்கள் கோப்பைத் தமது கணினியில் திறந்து காட்டினார். அங்கும் அதே இருண்ட பச்சைதான்! பிழை எங்கள் திரையில் இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, எங்கள் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம்.

ஏன் இப்படி நடக்கிறது? திரை தானே ஒளி விடுகிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற 3 ஒளிகளால் நிறம் காட்டும். அச்சகம் சயன், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்ற 4 மைகளால் அச்சிடும். கண்ணைக் கவர்வதற்காகப் பல மொனிட்டர்கள் பிரகாசத்தைக் கூட்டி வைத்தே விற்பனைக்கு வருகின்றன. படம் பார்க்க அது நல்லது. எங்கள் வேலைக்கு அல்ல.

ஆகவே வாங்கும்போது, முதலில் ஐ.பி.எஸ். வகைத் திரையா என்று பாருங்கள். மலிவான டி.என். வகையில் தலையைச் சற்று அசைத்தாலே நிறம் மாறும். அடுத்து, 1996இல் வந்த எஸ்.ஆர்.ஜி.பி. நிற எல்லையை முழுமையாகக் காட்டுமா என்று கேளுங்கள். ஆரம்பத்துக்கு அது போதும். பளபளப்புத் தாளில் அச்சாகும் சில சயன், பச்சை நிறங்கள் அந்த எல்லைக்குள் அடங்கா. வருமானம் கூடியபின், 1998இல் வந்த அடோப் ஆர்.ஜி.பி. எல்லையைக் காட்டும் திரைக்கு மாறலாம்.

எல்லாப் பணத்தையும் மொனிட்டரில் போட்டுவிடாதீர்கள். திரையில் வைத்து நிறத்தை அளந்து சீராக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அது இல்லாத விலையுயர்ந்த திரையைவிட, அதனால் மாதமொருமுறை சீராக்கிய நடுத்தரத் திரையே நம்பகமானது. நாங்கள் மூவரும் பணம் சேர்த்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்கிறோம். பிரகாசத்தை 100 கென்டெலா அளவில் வைக்கிறோம். அச்சகத்திடம் அதன் நிற விபரக் கோப்பைக் கேட்டு வாங்கி, அதன்படி திரையில் ஒத்திகை பார்க்கிறோம்.

அதன்பிறகும் மாதிரித் தாள் பார்க்காமல் அச்சிடக் கொடுப்பதில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரியை வாங்குமுன் எங்கள் உம்மாமார் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். அச்சுத் தாளைப் பார்ப்பதற்கான சர்வதேச நியமமும் பகல் ஒளியை ஒத்த, 5000 கெல்வின் அளவான ஒளியையே கேட்கிறது.

நூற்றாண்டு மலரின் அட்டையைச் சங்கம் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. மாதிரித் தாளை எமது கல்லூரிக் கொடியோடு சேர்த்து, இந்த முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பின்னரே ஒப்பமிடுவோம். இத்தொழிலைத் தொடங்க விரும்பும் தங்கைகள் வாருங்கள். எங்கள் கருவியை இரவல் தருகிறோம். நாங்கள் கட்டிய நட்டத்தை நீங்களும் கட்ட வேண்டியதில்லை.