பழைய வண்டியின் மரைகள்



'அவனுக்கு மரை கழன்றுவிட்டது' என்பது தமிழர் நாவில் நாளும் புழங்கும் ஏச்சு. பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க முனைவோரின் துயரமோ இதற்கு நேர்மாறானது. அவர்கள் கையில் மரை கழலுவதே இல்லை. இங்கிலாந்தின் மழையும், பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பும் போல்ட்டையும் நட்டையும் ஒரே துருக்கட்டியாக்கி விடுகின்றன.

மாரிஸ் மைனர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். கொழும்புத் தெருக்களில் வாடகை வண்டியாக நெடுங்காலம் ஓடிய அதே வண்டிதான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இது 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்னும் பெருமையும் இதற்கே உரியது. உற்பத்திக்கு முன், வடிவம் ஒடுங்கியிருப்பதாக இசிகோனிசுக்குத் தோன்றவே, முன்மாதிரி வண்டியை நெடுக்காகப் பிளக்கச் செய்து 4 அங்குலம் அகலப்படுத்தினார். அதற்குள் பம்பர்கள் பழைய அளவில் தயாராகிவிட்டன. அவற்றை நடுவே வெட்டி, இடையில் ஒட்டுத்துண்டு வைத்து இணைத்தார்கள். பிறக்கும்போதே ஒட்டுப்போட்டுப் பிறந்த வண்டி எனலாம்!

இதன் மட்கார்டுகள் நான்கும் உடலோடு பற்றவைக்கப்பட்டவை அல்ல. போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை. கழற்றி மாற்ற எளிது என்பதே நோக்கம். ஆனால் கை நுழையாத இடங்களில், தகட்டின் பின்புறம் சிறு கூண்டுக்குள் நட்டை அடைத்து வைத்திருப்பார்கள். சிறைப்பட்ட அந்த நட்டு சிறிதே அசையும், சுழலாது. துருவேறிய கூண்டு உடைந்துவிட்டால் ஸ்பானரின் சுழற்சிக்கெல்லாம் நட்டும் உடன் சுழலும். மட்கார்டு வராது. உளியால் அடித்துப் பெயர்த்தாலோ, உடலின் தகடே கிழிந்து வந்துவிடும். விரல் நீளம்கூட இல்லாத ஒரு போல்ட்டு, வண்டி சாலைக்குத் திரும்புமா, பழைய இரும்புக் கடைக்குப் போகுமா என்று தீர்ப்புச் சொல்லும் இடம் இது.

தேர்ந்தவர்கள் இங்கே அவசரப்படுவதில்லை. கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, ஊடுருவும் எண்ணெயை நாள்தோறும் இட்டு, ஒரு வாரம் காத்திருக்கிறார்கள். பின்னர் முதலில் கழற்றுவதில்லை, இம்மியளவு முடுக்குகிறார்கள். துருவின் பிடி விட்டதும் கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்து வெளியே கொணர்கிறார்கள். அதற்கும் இணங்காதவற்றைச் சூடாக்கி, சூட்டிலேயே மெழுகுவத்தியைத் தொடுவார்கள். உருகிய மெழுகு புரிகளின் இடுக்கில் தானே ஓடி நுழையும். ஆனால் பின் மட்கார்டுப் பக்கம் தீயைக் கொண்டுபோகலாகாது. பெட்ரோல் தொட்டி அங்கேதான், பின்பெட்டியின் தளத்துக்கு அடியில் இருக்கிறது.

தலை முறிந்துபோனால் நடுப்புள்ளி குத்தி, இடப்புறம் சுழலும் துளைக்கருவியால் துளைக்க வேண்டும். பல வேளைகளில் துளைக்கும்போதே மிச்சம் சுழன்று வந்துவிடும். உள்ளே செலுத்தித் திருகும் கடினஎஃகுக் கருவியை நம்பி வலிந்து திருகுவோர் உண்டு. அது உள்ளே முறிந்தால், சாதாரணத் துளைக்கருவி எதுவும் அதைத் தீண்டாது. முன்னைய துன்பமே மேல் என்றாகிவிடும்.

சரி, பழையது வந்துவிட்டது. புதியதைப் போடலாமே என்றால், எந்த மரை? விட்வொர்த் 1841இல் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 1948இல் ஒப்புக்கொண்ட பொது மரையின் கோணமோ 60. விட்வொர்த் வழிவந்த பி.எஸ்.எஃப். வகையில் கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 26 புரிகள். பொது மரையின் நுண்வகையில் 28. ஒன்றின் வீட்டில் மற்றொன்று இரண்டு சுற்று நல்ல விருந்தாளியாக நுழையும், பிறகு கடித்துக்கொள்ளும். வலிந்து முடுக்கினால் இரண்டும் பாழ். இதனினும் வேடிக்கை, தொடக்க கால மைனரின் எஞ்சினில் இருந்தது. 1923இல் மாரிஸ் வாங்கிய காவன்ட்ரித் தொழிற்சாலை அதற்கு முன் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தினுடையது. அதன் வழியே மரை மெட்ரிக் அளவில் அமைந்தது. தலை மட்டும் ஆங்கில ஸ்பானருக்கு ஏற்ற விட்வொர்த் அளவில்! தலையைப் பார்த்து மரையை மதிப்பிட்டவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

தேய்ந்த மரையை மரை வெட்டும் கருவியால் புதிதாக வெட்டாமல், துடைத்தெடுக்கும் கருவியால் சீராக்கினால் ஆலை இட்ட உலோகம் எஞ்சும். முற்றும் அழிந்த இடத்தில் சற்றுப் பெரிய துளையிட்டு, சுருள்கம்பியாலான புது மரையைச் செருகலாம். கூண்டு அழிந்திருந்தால் புதுக்கூண்டைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பர். தொடர்ந்து பற்றவைத்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். எல்லாவற்றையும் பளபளக்கும் புதியனவாக மாற்றுவோரை எளிதில் பழிக்க முடியாது. ஆயினும் சுத்தம் செய்தால் இன்னும் உழைக்கும் ஒரு பழைய போல்ட்டை வீசுவதில் ஏதோ இழப்பு இருக்கிறது.

மட்கார்டு திரும்பவும் ஏறும் நாளில் ஒரு போல்ட்டையும் முழுதாக முடுக்குவதில்லை. எல்லாம் விரலால் திருகிய அளவிலேயே நிற்கும். உடலுக்கும் மட்கார்டுக்கும் இடையே மழைநீரைத் தடுக்கும் விளிம்புப் பட்டையைச் செருகி, கதவை மூடிப் பார்த்து, இடைவெளி மேலும் கீழும் ஒத்திருக்கிறதா என்று நோக்குகிறார்கள். கூண்டுக்குள் நட்டுக்கு விட்ட அந்தச் சிறு அசைவு இப்போதுதான் பயன்படுகிறது. தட்டி நகர்த்தி, மீண்டும் கதவைத் திறந்து மூடி, அதன்பின்னரே ஒவ்வொன்றாக முடுக்கத் தொடங்குகிறார்கள்.