ஒரு சாப்பாட்டுக்கடையின் சாட்சி

நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது எந்த ராஜாவின் அரண்மனையைப் பற்றியுமல்ல. இத்தாலி தேசத்தில் பொம்பேயி என்னும் பழைய பட்டணத்துத் தெரு மூலையில் இருந்த ஒரு சிறு சாப்பாட்டுக்கடையைப் பற்றியேயாகும்.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் அவ்வூர் அடியோடு புதைந்து போயிற்று. இந்தக் கடையை 2020-ல் முழுவதும் தோண்டி வெளிப்படுத்தினார்கள். தெருவைப் பார்த்து ஒரு மேடை. அதில் வாய் மட்டும் தெரியும்படி பதித்த பெரிய சாடிகள். மேடை முகப்பில் சேவல், தலைகீழாய்க் கட்டித் தொங்கவிட்ட வாத்துகள், கழுத்தில் வார் பூட்டிய நாய் ஆகிய சித்திரங்கள் நிறம் மங்காமல் இருக்கின்றன. நாய்ப் படத்தைச் சுற்றிய சட்டத்திலே நிக்கியா என்பவனை எவனோ ஆபாசமாய்த் திட்டிக் கிறுக்கியிருக்கிறான். (சுவரில் கிறுக்கும் புத்தி நேற்று வந்ததல்ல போலும்!) பின்கட்டில் ஐம்பது வயதுக்குக் குறையாத ஒரு மனிதனின் எலும்புகள் கிடந்தன. கட்டிலில் படுத்தபடியே செத்திருக்கலாம் என்கிறார்கள்.

அதே ஊரில் முன்பு கண்டெடுத்த வேறொரு கடையின் சுவரில், வியாபாரத்துக்குச் சாமியான மெர்க்குரியை எழுதி வைத்திருந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட காசுகள் சாடியிலேயே கிடந்தன. அள்ளிக்கொண்டு ஓடக்கூட அந்தச் சாமி அவகாசம் வாங்கித் தரவில்லை.

இம்மாதிரிக் கடைகளில் தின்றவர்கள் யார்? பங்களாக்காரனுக்குச் சமைத்துப் போட வீட்டில் அடிமைகள் உண்டு. அவனுக்கு இங்கே என்ன வேலை? வீட்டில் அடுப்பு மூட்ட வசதியில்லாத ஏழை எளியவர்களே பெரும்பாலும் வந்தவர்கள். இவர்களைப் பற்றி மேல்சாதிப் புலவர்கள் எழுதி வைத்த லட்சணத்தைப் பாருங்கள்! ஜுவெனல் என்ற கவி, கொலைகாரனும் திருடனும் ஓடிப்போன அடிமையும் கூடிக் குடிக்கிற இடமாக ஒரு கடையைப் பாடி வைத்தார். நீரோ சக்கரவர்த்தியோ, ரோமாபுரிக் கடைகளில் பயறும் கீரையும் தவிர வேறெதையும் சமைத்து விற்கக்கூடாதென்று தடை போட்டான். நடுப்பகல் தொடங்கி நடுநிசி மட்டும் விருந்து தின்ற பேர்வழி இவன்! பின்னால் வந்த வெஸ்பேசியனும் பயறுக்கு மேல் இடங்கொடுக்கவில்லை.

எழுதினவன் அங்கே தின்றவனல்ல. சட்டம் போட்டவனும் தின்றவனல்ல. ஆகையால் தோழர்களே, சாடியின் அடியையே கேட்போம். பொம்பேயிக் கடைச் சாடிகளில் வாத்தெலும்பு இருந்தது. ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சமும் இருந்தது. திராட்சை மது இருந்த சாடியின் அடியிலே இடித்த மொச்சை கிடந்தது. மதுவின் ருசியையும் நிறத்தையும் மாற்ற இப்படிப் போடுவது அக்காலத்து வழக்கம். கூலிக்காரன் குடிப்பதுதானே என்று கடைக்காரன் ஏனோதானோவென்று ஊற்றிக் கொடுத்துவிடவில்லை.