உருகாமல் வளரும் உலோகம்

மஸ்கெலியா மலைச்சரிவுகளிலே பறிக்கப்படும் தேயிலைக் கொழுந்து காத்திருக்கும் பொருளன்று. வாட்டுதலும், அரைத்தலும், உலர்த்துதலும் உரிய வேளையில் நடைபெறல் வேண்டும். தேய்மானத்தால் ஒரு யந்திரம் நின்றுவிடின், கொழுந்து பறித்தோரின் அன்றைய உழைப்பே வீணாகக்கூடும். ஆகவே, தேய்ந்த உலோகத்தை மீண்டும் தடிப்பாக்குவது எங்ஙனம் என்னும் வினா மலைநாட்டிற்கு நெருங்கிய வினாவாகும்.

உலோகத்தை உருக்கித் தேய்ந்த இடத்திற் படியவைத்து, பின்னர்க் கடைச்சல் யந்திரத்திற் கடைந்தெடுப்பது பழைய வழி. ஆனால், உருகிய உலோகம் குளிருங்கால் சுருங்குகின்றது. அதனால் உறுப்பு கோணுவதும் வெடிப்பதும் உண்டு.

இதற்கு மாறான முறையொன்று 1980களில் சோவியத் நாட்டின் நொவோசிபிர்ஸ்க் நகரிலே தோன்றிற்று. காற்றோட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்த அனத்தோலி பப்பிரினும் அவர்தம் குழுவினரும், மிகு வேகத்துடன் மோதிய உலோகத் துகள்கள் தெறித்து விலகாது ஒட்டிக்கொள்வதைக் கண்டனர். இதுவே குளிர்த்தெளிப்பு முறை.

இதில் நைதரசன் அல்லது ஹீலியம் வாயு சூடாக்கப்பட்டு, நடுவிலே ஒடுங்கிப் பின் விரியும் குழலினூடே உயர் அமுக்கத்துடன் செலுத்தப்படுகின்றது. அதனோடு செல்லும் நுண்துகள்கள் செக்கனுக்கு 500 முதல் 1,000 மீற்றர் வரை விரைந்து மோதுகின்றன. ஒலியின் வேகமோ ஏறக்குறைய 340 மீற்றரே! துகள் உருகுவதில்லை, மோதலில் நசுங்கி, மேலிருந்த ஒட்சைட்டுப் படலம் உடைய, உலோகம் உலோகத்தோடு பற்றிக்கொள்கின்றது. பின்வரும் துகள்கள் சம்மட்டி போல முன்னவற்றை அடித்து இறுக்குகின்றன. உருகிக் குளிரும் சுருக்கம் இன்மையால், செம்பு, அலுமினியம் போன்றவற்றைப் பல மில்லிமீற்றர்களுக்கு அப்பாலும் தடிப்பாக வளர்க்க இயலும்.

அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஹெலிகொப்டர்களின் மக்னீசியப் பற்சக்கரப் பெட்டிகளை இம்முறையாற் செப்பனிட வழிகண்டது. இந்தியாவில் ஹைதராபாத்திலுள்ள தூள் உலோகவியல் ஆய்வு நிலையமும் இத்துறையில் உழைத்து வருகின்றது.

எனினும், குறைகளும் உள. தெளித்த உலோகம் பெரும்பாலும் எளிதில் முறியும் தன்மையது. பதப்படுத்தும் வெப்பம் பின்னர்த் தேவைப்படலாம். கடினமான உருக்கு எளிதில் ஒட்டாது, ஹீலியமோ விலைமிக்கது.

ஆதலின், தேய்ந்த பேரிங் இருக்கைக்கும் பம்பின் கூட்டிற்கும் இம்முறை பொருந்தலாம். முழுப் பாரத்தையும் தாங்கிச் சுழலும் தண்டிற்கு ஆராயாமல் இதனை நம்புதல் தகாது. அத்தண்டினருகே நின்று வேலை செய்பவர் தொழிலாளரே. அளவை மீட்பது ஒன்று, வலிமையை மீட்பது வேறொன்று என்பதை யந்திரம் பழுதுபார்ப்போர் மறத்தலாகாது.