வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா?



திருவெறும்பூரில் மேடையேறுகிறவர்கள் பெல் தொழிற்சாலையைப் பற்றியோ எறும்பீசுவரர் மலைக்கோயிலைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் ஒரு தத்துவப் பேராசிரியையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சூசன் ஷெர்வின். கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரத்து டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் கற்பித்தவர். மருத்துவ அறத்தைப் பெண்ணின் நிலையிலிருந்து ஆராய்ந்த அவருடைய நூல் 1992-இல் வந்தது. விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கியாயிற்று என்றால் மருத்துவர் கடமை முடிந்தது என்று பலரும் நம்பியிருந்தார்கள். கையெழுத்திடும் பெண் பேனாவைப் பிடிப்பதற்கு முன்பே எந்தெந்த வழிகள் அவளுக்கு அடைபட்டிருந்தன, அடைத்தது யார் என்று கேட்டார் ஷெர்வின். அந்தக் கேள்வியைத்தான் தம் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார்.

கனடாவின் கேள்வி நமக்கெதற்கு? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து நடத்திய ஆய்வு ஒன்று, 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. விற்றவர்களில் 71 விழுக்காட்டினர் பெண்கள். கடனை அடைக்க விற்றவர்கள் 96 விழுக்காடு. கணவர் ஏன் கொடுக்கவில்லை என்று அந்தப் பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்தான் சம்பாதிக்கிறவர், அல்லது அவருக்கு உடம்பு சரியில்லை என்பவையே அதிகம் வந்த பதில்கள். வீட்டுக்குள் யார் உடம்பு யாருடைய உடம்பைவிட விலை குறைந்தது என்பது மருத்துவமனைக்குப் போகுமுன்பே முடிவாகியிருந்தது! விற்ற பிறகாவது விடிந்ததா? குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கடனுக்காக விற்றவர்களில் நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள்.

இத்தனைக்கும் உறுப்பு விற்பனையை 1994-இலேயே சட்டம் தடுத்துவிட்டது. நெருங்கிய உறவில்லாதவர், அன்பின் காரணமாக, ஒரு குழுவின் ஒப்புதலோடு கொடுக்கலாம் என்று ஒரு வாசல் மட்டும் விட்டது. தரகர்கள் அதன் வழியே நுழைந்தார்கள். 2025-இல் சிறுநீரகம் விற்ற பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கதை வெளிவந்தபோது அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. எல்லாப் படிவங்களிலும் கையெழுத்து இருந்திருக்கும், பாருங்கள்.

கையெழுத்தின் கதை இப்படி என்றால், விவரமே சொல்லப்படாத கதையும் நம் பக்கத்தில் உண்டு. 1985-இல் ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில், நெட்-என் என்ற கருத்தடை ஊசியைப் பெண்களுக்குப் போட ஏற்பாடானது. அது சோதனை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஸ்திரீ சக்தி சங்கட்டனா என்ற அமைப்பின் பெண்கள் அங்கே போய்க் கேள்வி கேட்டார்கள். மறு ஆண்டே டெல்லியின் சஹேலி அமைப்போடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். ஷெர்வினின் நூல் வர இன்னும் ஆறாண்டுகள் இருந்தன. தத்துவத் துறை நாற்காலி எதுவும் இல்லாமலே அந்தப் பெண்கள் செய்ததும் தத்துவ வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். ஷெர்வினுக்குக் கிடைத்த பல்கலைக்கழக ஆதரவு அவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இன்று பட்டம் வாங்கும் உங்களில் தத்துவமோ சமூகவியலோ படித்தவர்களை, இனி என்ன வேலை கிடைக்கும் என்று உறவினர்கள் கேட்டிருப்பார்கள். ஒரு செய்தி சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகளின்படி, மனிதர்கள் மீது மருந்தைச் சோதிக்க ஓர் அறநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும். குறைந்தது ஏழு பேர். அதில் ஒரு பெண், ஒரு சட்ட வல்லுநர், மருத்துவம் சாராத ஒரு சாதாரணக் குடிமகனோ குடிமகளோ கட்டாயம். சமூகவியலாளருக்கோ தத்துவம் படித்தவருக்கோ ஓர் இடம் உண்டு. சோதனை நடக்கும் திருச்சி மருத்துவமனைகளுக்கும் இதே விதிதான். அந்த இடங்களுக்கு நீங்கள் போக வேண்டும். சம்மதப் படிவம் மேசைக்கு வரும்போது, கையெழுத்துப் போட மறுக்கிற பெண்ணுக்கு மறுநாள் அதே மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒப்புதல் தராதீர்கள்.